பீடிக் கூலியை ஒப்பிடும் முன்

திருநெல்வேலி வட்டாரத்தில் முக்கூடல், மேலப்பாளையம் பக்கமெல்லாம் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அதனால் ‘அக்கா 800 சுற்றுகிறாள், எனக்கு 600தான் வருது’ என்று மனம் நோகாதீர்கள். முதலில் ஒரு நோட்டு போடுங்கள். இலை கொடுத்துப் பீடியை வாங்கிக்கொள்ளும் கடையில் வாங்கிய இலை எடை, சுளவோடு (மடியில் வைத்துச் சுற்றும் முறம்) உட்கார்ந்த நேரம், சரியில்லை என்று கடையில் கழித்த பீடி, இலை பற்றாமல் கைக்காசு போட்டு வாங்கியது, எல்லாம் எழுதுங்கள். ஓட்டை இலையை ஊறவைத்து வெட்டினால் பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகும், அப்புறம் எந்தக் கை வேகமாகச் சுற்றினாலும் எண்ணிக்கை ஏறாது. இலை வெட்டுகிற நேரத்தையும் சேருங்கள், அதை யாரும் எண்ணுவதே இல்லை! ஒரு வாரக் கூலியில் இலைக்காசைக் கழித்து மணிக்கணக்கால் வகுங்கள். சரி, வித்தியாசம் கையிலா இலையிலா? ஒரே கட்டு இலையை இருவரும் பாதியாகப் பிரித்து ஒருநாள் சுற்றிப் பாருங்கள். இலைதான் என்றால் நோட்டோடு நாலைந்து பேராகக் கடைக்குப் போய்க் கேளுங்கள்.