மூக்கோரக் கண் மூலை கறுத்தால் செய்யக்கூடாதவை

கண்ணின் மூக்கோர மூலை கறுத்துவிட்டால் பலர் முதலில் தேடுவது எலுமிச்சம்பழத்தைத்தான். தயவுசெய்து வேண்டாம். இமைத் தோலின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். எலுமிச்சைச் சாறு, பேக்கிங் சோடா, பற்பசை என்று எதைத் தடவினாலும் எரிந்து புண்ணாகலாம். புண் ஆறிய இடம் முன்பைவிடக் கறுக்கும். மாநிறத் தோலில் இது இன்னும் எளிதாக நடக்கும். சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கேட்கவே வேண்டாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசும் சிகப்பழகு கிரீம்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற மூன்று மருந்துகளும் கலந்த கிரீமைப் பலர் சாதாரண அழகுப் பொருளாக நினைக்கிறார்கள். மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. முதல் சில வாரங்கள் நிறம் வெளுக்கும், மனசும் குளிரும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து உள்ளிருக்கும் ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். திடீரென்று நிறுத்தினால் சிவந்து எரியும். கண்ணை ஒட்டி நாள்கணக்கில் தடவும் ஸ்டீராய்டு கண் அழுத்தத்தைக் கூட்டலாம், கண்புரையும் வரலாம். தோல் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது.

சரி, கறுப்பு எங்கிருந்து வருகிறது? பல நேரம் நம் விரலிலிருந்துதான். தூசி அலர்ஜியில் கண் அரித்தால் மூலையைக் கசக்கிக்கொண்டே இருப்போம். அந்த உராய்வே நிறமியைக் கூட்டும். அரிப்புக்கு மருந்து போடாமல் கறுப்புக்கு மட்டும் கிரீம் பூசினால் பலன் நிற்காது. குளிர்ந்த துணி ஒத்தடம் கொடுங்கள், கண் மருத்துவரிடம் அலர்ஜி சொட்டு மருந்து கேளுங்கள். இரவில் கண்மையைத் தேய்த்து எடுக்காமல், எண்ணெய் தொட்ட பஞ்சை வைத்து ஊறவிட்டுத் துடைக்கலாம். கண்ணாடி போடுபவர்கள் மூக்குத்தாங்கி அழுத்துகிறதா என்றும் பாருங்கள்.

கண் அழுத்த நோய்க்கு லட்டனோபிராஸ்ட், பிமட்டோபிராஸ்ட் சொட்டு விடுபவர்களுக்கும் இமை கறுக்கலாம். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பார்வையே போய்விடலாம். வழிந்த சொட்டை உடனே துடைத்துவிட்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, நிழலைக் கறுப்பென்று நினைத்து மருந்து பூசுவது. வெளிச்சம் நேராக முகத்தில் விழும்படி கண்ணாடி பாருங்கள். கறுப்பு மறைந்தால் அது பள்ளத்தின் நிழல். எந்த கிரீமும் அதைப் போக்காது. உண்மையான நிறமி என்றாலும் மங்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வெயிலில் குளிர்கண்ணாடி போடுங்கள்.

ஆனால் அந்த மூலையில் வலியோடு வீக்கமோ, வளரும் கறுப்புக் கட்டியோ தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே கண் மருத்துவரைப் பாருங்கள்.