டொமைன் காலாவதியைப் பார்க்க ஒரு முனின் பிளகின்: சறுக்கும் இடங்கள்

1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயிலுக்குள் போக முடியாமல் பலர் தவித்தார்கள். ஹாட்மெயிலில் நுழைபவர்களைச் சரிபார்த்த பாஸ்போர்ட்.காம் டொமைனைப் புதுப்பிக்க மைக்ரோசாஃப்ட் மறந்துவிட்டது. 35 டாலரைக் கட்டி அதை மீட்டது வெளியாள் ஒருவர். அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி. சர்வர்களைக் கண்காணித்து கிராஃப் வரையும் மென்பொருள் முனின்; அது ஓட்டும் சின்ன நிரல்தான் பிளகின். நம்மிடம் இருக்கும் ஏழெட்டு டொமைன்களுக்கு ஒரு பிளகின் எழுதி வைப்பது நல்லதுதான். காலாவதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஒரு எண்ணை அச்சிட்டால் போதும், கிராஃபை முனின் வரைந்துகொள்ளும்.

அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது? பழக்கதோஷத்தில் பலரும், டொமைன் விவரம் கேட்கும் பழைய வழியான ஹூயிஸ் பக்கம் போவார்கள். அதன் பதிலுக்கு நிலையான வடிவம் கிடையாது. ஒரு பதிவகம் (டாட்காம் போன்ற ஒரு வகை டொமைன்களின் பட்டியலை வைத்திருக்கும் அமைப்பு) 'எக்ஸ்பைரி டேட்' என்று எழுதும், ரஷ்யாவினுடையது 'பெய்ட் டில்' என்னும், ஜெர்மனியினுடையது தேதியே சொல்லாது. டாட்காம் போன்றவற்றுக்கு ஹூயிஸ் தந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் 2025 ஜனவரி 28 முதல் இல்லை. அதற்குப் பதிலாக வந்த ஆர்டாப்பைக் கேளுங்கள். பதில் நிரல் படிக்க எளிதான ஜேசன் வடிவில் வரும், அதில் 'எக்ஸ்பிரேஷன்' நிகழ்வுக்கு நேரே தேதி இருக்கும்.

முனின் வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிளகினை ஓட்டும். எட்டு டொமைன் என்றால் ஒரு நாளைக்கு 2304 கேள்வி, அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை மாறும் தேதிக்காக! சர்வர் 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறாய்) என்று முகத்தில் அடிக்கத்தான் செய்யும். நாளுக்கு ஒருமுறை கேட்டு, வந்த தேதியைக் கோப்பில் வையுங்கள். மீதி நாட்களை அல்ல, தேதியை. கழித்தலை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யலாம்.

பதில் வராதபோது பூஜ்யத்தை அச்சிடுவதுதான் என் கணக்கில் முதல் குற்றம். ஒருமுறை நான் அப்படி எழுதி வைத்து, இரவு இரண்டு மணிக்கு எட்டு டொமைனும் ஒரே நேரத்தில் காலாவதி என்று மெயில் வந்தது. போனது நெட் மட்டும்தான். 'தெரியவில்லை' என்பதற்கு முனினில் யூ என்ற பெரிய எழுத்து இருக்கிறது, அதை அச்சிடுங்கள். கோப்பில் உள்ள தேதி வாங்கி மூன்று நாளுக்கு மேல் ஆகியிருந்தாலும் அதேதான்.

சின்ன விஷயங்கள் இரண்டு. கிராஃபில் ஒவ்வொரு கோட்டுக்கும் பிளகின் தரும் ஃபீல்ட் பெயரில் புள்ளி வரக்கூடாது, டொமைன் பெயரில் புள்ளி இல்லாமல் இருக்காது; அடிக்கோடாக மாற்றுங்கள். எச்சரிக்கை எல்லையை வெறும் 30 என்று எழுதினால் அது மேல் எல்லை, 31 நாள் மீதி இருந்தாலே கத்தும். 30க்குப் பின் ஒரு முக்காற்புள்ளி போட்டால்தான் கீழ் எல்லை.

அப்புறம், எல்லாம் சரியாக ஓடினாலும் ஏமாற்றக்கூடிய ஒன்று. டாட்காமில் காலாவதி நாள் வந்ததும், நீங்கள் பணம் கட்டாவிட்டாலும் பதிவகம் தேதியைத் தானாக ஒரு வருஷம் தள்ளிவிடும். வேண்டாம் என்று திருப்பித்தர ரெஜிஸ்ட்ராருக்கு (டொமைனை உங்களுக்கு விற்ற நிறுவனத்துக்கு) 45 நாள் அவகாசம். கிராஃப் பூஜ்யத்திலிருந்து 365க்குக் குதிக்கும், நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள், தளத்தில் விளம்பரப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஆர்டாப் பதிலில் 'ஆட்டோ ரின்யூ பீரியட்' என்ற நிலை இருந்தால் தனி எச்சரிக்கை கொடுங்கள். பணம் கட்டியவர்களின் டொமைனிலும் அந்த நிலை தென்படலாம், ரெஜிஸ்ட்ரார் கணக்கில் ஒருதடவை பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். டொமைனின் முகவரியைச் சொல்லும் நேம் சர்வர்களின் பெயர்களையும் கோப்பில் சேருங்கள். தேதி குதித்த கையோடு அவையும் மாறியிருந்தால் உடனே ரெஜிஸ்ட்ராரைக் கூப்பிடுங்கள்.