தொளதொள சைபர்பங்க் டிரஸ்ல லேன் மேட்சுக்குப் போறது எப்படி

கேம்ல மைக்க ஆன் பண்ணி "பி சைட்ல ரெண்டு பேரு"ன்னு சொன்ன அடுத்த செகண்டே "டேய் பொண்ணுடா"ன்னு ஒருத்தன் கத்துவான், வேலரன்ட்ங்கற ஆன்லைன் துப்பாக்கி கேம் ஆடுற பொண்ணுங்களுக்கு இது பழகிப்போன கதை, லேன் மேட்ச்னா (எல்லாரும் ஒரே ஹால்ல உக்காந்து ஆடுறது) நேர்லயே மேல இருந்து கீழ வரைக்கும் பாப்பானுங்க. 2016ல கொரியாவுல கெகுரின்னு ஒரு 17 வயசு ஓவர்வாட்ச் (இதுவும் துப்பாக்கி கேம்தான்) பிளேயரோட எய்ம பாத்துட்டு சீட்டிங்தான்னு கிளப்பி விட்டாங்க, அவங்க கேமரா முன்னாடி உக்காந்து ஆடிக் காட்ட வேண்டியதாப் போச்சு (2018ல ஷாங்காய் டிராகன்ஸ் டீம்ல சேந்து ஓவர்வாட்ச் லீக்கோட முதல் பெண் பிளேயர் ஆனாங்க, செம மாஸ்). அதனாலதான் எனக்கு இந்தப் பெரிய சைஸ் கருப்பு சைபர்பங்க் டிரஸ் (சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்துல வர்ற மாதிரி கருப்பும் நியானும்) புடிக்கும். உடம்ப முறைக்கறவனுக்கு ஒண்ணும் தேறாது, முதுகுல இருக்கற நிக்நேமத்தான் படிச்சாகணும்.

முதல்ல டீஷர்ட். சாதா டீஷர்ட்டையே ரெண்டு சைஸ் பெருசா வாங்காதீங்க, கழுத்து தொங்கிப்போய் நைட்டி மாதிரி ஆயிரும். டிராப் ஷோல்டர்னு கேட்டு வாங்குங்க, தோள் தையல் கையில கொஞ்சம் இறங்கி நிக்கும், கழுத்து டைட்டா இருக்கும். துணி 240 ஜிஎஸ்எம் (துணியோட கனம், சதுர மீட்டருக்கு எத்தன கிராம்னு) இருந்தா வெறைப்பா நிக்கும், 180னா உடம்போட ஒட்டும். திருப்பூர் பக்கம் போனா காதர்பேட்டைல எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்ல தேடிப் பாருங்க. ஆம்பளைங்க செக்‌ஷன்லயே எடுங்க, கார்கோ பேன்டும் அங்கயேதான், அதுலதான் மவுஸ் வைக்கற அளவுக்கு பாக்கெட் இருக்கும் (நம்ம பேன்ட்ல ஏன் பாக்கெட் வைக்க மாட்டேங்கறாங்கன்னு தனியா ஒரு நாள் புலம்பணும்).

கை விஷயம்தான் ரொம்ப முக்கியம். மவுஸ் சென்சிட்டிவிட்டி (மவுஸ அசைச்சா ஸ்க்ரீன்ல எவ்ளோ நகரும்ங்கறது) கம்மியா வச்சு ஆடுறவங்கன்னா முழங்கையோட மொத்தக் கையும் நகரும், கடையிலயே உக்காந்து மேசை மேல மவுஸ் புடிச்ச மாதிரி கைய இழுத்துப் பாருங்க, ஸ்லீவ் மேசைய உரசுச்சுன்னா எவ்ளோ அழகா இருந்தாலும் வச்சுட்டு வந்துருங்க. வெளிய வெயில் கொளுத்தும், ஹால் உள்ள ஏசில விரல் வெறச்சுப் போகும், அதனால மேல ஒரு ஜாக்கெட் வேணும், ஆனா நைலான் ஜாக்கெட் அசையறப்பலாம் சரசரன்னு மைக்ல கேக்கும், டீம்மேட் திட்டுவாங்க. ஹூட் மேல ஹெட்செட் போட்டீங்கன்னா காதுல சரியா உக்காராது, எதிராளி நடக்கற சத்தம் போச்சு.

சைபர்பங்க் லுக்குக்கு ஆயிரக்கணக்குல செலவு வேண்டாம். பை தைக்கிற கடையில நாடாவும் பக்கிளும் வாங்கி தெரு முனை டெய்லர்கிட்ட குடுங்க, ஆனா தொங்கவிடாதீங்க, சேர் கைப்பிடில மாட்டும். மொத்தமும் கருப்பு, நியான் ஒரே ஒரு கலர். ரிஃப்ளெக்டிவ் டேப் ஒட்டினா கேமரா பக்கத்துல இருக்கற லைட்டுக்கு அது பளீர்னு அடிச்சு மூஞ்சியே தெரியாது, கொஞ்சமா ஒட்டுங்க.

முந்தின நாளே முழு செட்டும் போட்டு வீட்ல ரெண்டு மூணு டெத்மேட்ச் (டீம் இல்லாம தனியா சுட்டு ஆடுற மேட்ச்) ஆடிருங்க, அம்மா "அப்பா சட்டையா அது"ன்னு கேப்பாங்க, கண்டுக்காதீங்க. துவைக்கறப்ப உள்பக்கத்த வெளிய திருப்பிப் போட்டு நிழல்ல காயவைங்க, பிரிண்ட் மேல நேரா அயர்ன் வைக்காதீங்க, என் முதல் டீஷர்ட்ல நிக்நேமோட கடைசி ரெண்டு எழுத்து அயர்ன் பாக்ஸோடயே போயிருச்சு.