தை மாதக் கடற்கரையில் ஒரு ரத்தத் துளி

மழைக்காலம் முடிந்து வானம் கழுவிவிட்டது போல இருக்கும் ஜனவரியில், நிலா இல்லாத இரவாகப் பார்த்து, எட்டு மணிக்குக் கடலூர் வெள்ளி கடற்கரைக்கு ஒரு பைனாகுலருடன் போங்கள். தேடப்போவது ஆர் லெபோரிஸ் என்ற சிவப்பு விண்மீனை. ஊர் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்றால், தென்கிழக்கில் கடலுக்கு மேலே, ஓரியன் (வேட்டைக்காரன்) விண்மீன் கூட்டத்தின் காலடியில் முயல் விண்மீன் கூட்டம் தெரியும். அதில் மிகப் பிரகாசமானது ஆர்னெப். அதிலிருந்து மேற்கே மியூ லெபோரிஸ் என்ற விண்மீன் வரை கோடு இழுத்து, அதே திசையில் அந்தக் கோட்டின் முக்கால் பங்கு நீளம் இன்னும் தள்ளிப் பாருங்கள். அங்கேதான் ஆர் லெபோரிஸ் இருக்கிறது.

1845-இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் இதைக் கண்டு, கரிய பின்னணியில் ரத்தத் துளி போல என்று வியந்தார். ஆயிரம் ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள கார்பன் விண்மீன் இது. அதைச் சுற்றியுள்ள கார்பன் நீல ஒளியை விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டுமே நமக்கு மிஞ்சுகிறது. திருவாதிரையைச் சிவப்பு என்கிறோமே, இதைப் பார்த்த பிறகு அது ஆரஞ்சாகத்தான் தோன்றும்!

நிறம் பிடிபடவில்லையா? ஃபோகஸைத் துளி கலைத்துவிடுங்கள், புள்ளி விரிந்து நிறம் தெரியும். அப்புறம், பிரகாசத்தைப் பக்கத்து விண்மீனோடு ஒப்பிடும்போது முறைத்துப் பார்க்காதீர்கள். சிவப்பை உற்றுப் பார்க்கப் பார்க்க, உள்ளதைவிடப் பிரகாசமாகத் தெரியும். சட்டென்று ஒரு பார்வை போதும்.

சுமார் 14 மாதச் சுழற்சியில் இது மங்கி ஒளிர்வதால், சில ஆண்டுகளின் தை மாதத்தில் பைனாகுலருக்கே சிக்காது. அப்படியானால் அடுத்த தையில் மறுபடி தேடுங்கள்.