பழைய வால்தர் பிபிகே: சுடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

வால்தர் பிபிகே 1931-இல் வந்த பிஸ்டல். பழசு என்பதால் தோட்டா சிக்கும் என்று பலர் ஒதுக்குகிறார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் மேகசினிலும் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி) சுருள்வில்லிலும்தான் இருக்கும், இரண்டையும் மாற்றிவிடலாம்.

முதலில் காலி செய்யுங்கள். குழல்முனை பாதுகாப்பான பக்கம் பார்க்கட்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். மேகசினை உருவிய பிறகுதான் ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுக்க வேண்டும். வரிசை மாறினால் அடுத்த தோட்டா, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள் ஏறிவிடும். மேகசின் இல்லாதபோது இந்த பிஸ்டலில் ஸ்லைடு தானாகத் திறந்து நிற்காது, கையால் பிடித்துக்கொள்ளுங்கள். தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். மேகசினை எடுத்துவிட்டாலும் அறையில் உள்ள தோட்டா வெடிக்கும். இதை மறந்ததால் நேர்ந்த விபத்துகள் ஏராளம்.

அடுத்தது பென்சில் சோதனை. இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. தோட்டாக்களை வீட்டின் வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். குழலை மேல்நோக்கிப் பிடித்து, ரப்பர் முனை கீழே இருக்கும்படி ஒரு பென்சிலை உள்ளே விடுங்கள். முகம் குழலுக்கு மேலே வரக் கூடாது. பிஸ்டலின் பின்பக்கம் உள்ள சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து ஏற்றிவிட்டு, ஸ்லைடின் இடப்பக்கம் உள்ள பாதுகாப்பு நெம்புகோலைக் கீழே தள்ளுங்கள். சுத்தியல் விழும், ஆனால் பென்சில் துள்ளக் கூடாது. துள்ளினால் சுத்தியலின் அடி ஊசிக்குப் போகாமல் காக்கும் தடுப்பு தேய்ந்திருக்கிறது, துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். நெம்புகோலை மேலேற்றி, சுத்தியலை மீண்டும் ஏற்றி விசையை அழுத்தினால் பென்சில் எம்ப வேண்டும். எம்பாவிட்டால் தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியில் கோளாறு.

மேகசினின் மேல் உதடுகள் வளைந்திருக்கின்றனவா, உள்ளே தோட்டாக்களை மேலே தள்ளும் பலகை தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஸ்லைடு வில் குழலைச் சுற்றியே இருக்கிறது. ஸ்லைடு முழுதாக மூடாமல் நின்றால் முதலில் அழுக்கைத் துடையுங்கள், பிறகு வில்லைச் சந்தேகியுங்கள்.

சுடும் தளத்தில் முதல் முறை முழு உலோக உறை போட்ட உருண்டைமுனைத் தோட்டாக்களையே பயன்படுத்துங்கள். இந்த பிஸ்டல் உருவானதே அந்த வடிவத்துக்குத்தான். குழிமுனைத் தோட்டாக்கள் சில பழைய பிஸ்டல்களில் ஏறாமல் முட்டிக்கொள்ளும். சிக்கினால் எத்தனையாவது தோட்டா, எந்த மேகசின் என்று குறித்து வையுங்கள். ஒரே மேகசினில் திரும்பத் திரும்பச் சிக்கினால் குற்றவாளி அதுதான்.

பிடியை மிக உயரத்தில் பிடித்தால் பின்னால் வரும் ஸ்லைடு பெருவிரல் இடுக்குத் தோலைக் கிழித்துவிடும். பெரிய கைக்காரர்கள் ஒரு நூல் கீழே பிடியுங்கள். சுத்தியல் இறங்கிய நிலையில் தொடங்கினால் முதல் குண்டுக்கு விசை நீளமாகவும் கனமாகவும் இருக்கும், இரண்டாவதிலிருந்து சட்டென்று லேசாகிவிடும். அந்த மாற்றம் விரலுக்குப் பழகும்வரை ஒரு நேரத்தில் இரண்டே தோட்டா மட்டும் ஏற்றிச் சுடுங்கள்.