பழைய சமையல் புத்தகத்தின் விசித்திரக் குறிப்பை இன்றைய அடுப்பில் சமைப்பது எப்படி?

பழைய புத்தகக் கடையில் கிடைக்கும், அட்டை கிழிந்த தமிழ்ச் சமையல் புத்தகமொன்றில் கமலா ஆரஞ்சுத் தோல் குழம்பு, பீர்க்கங்காய்த் தோல் துவையல், கல்யாண முருங்கை அடை என்று வரிசையாகப் பார்க்கும்போது, இவற்றையெல்லாம் யார் சமைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். சமைத்தார்கள், நாமும் சமைக்கலாம். அளவு புரிந்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது.

முதலில் புத்தகத்தின் காலத்தைக் கணியுங்கள். விலை 'ரூ. 2-8-0' என்று ரூபாய், அணா, பைக் கணக்கில் அச்சாகியிருந்தால், அது 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தைய பதிப்பாக இருக்கும். மெட்ரிக் எடைகள் 1958க்குப் பிறகு படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வந்தன என்பதால், அதில் கிராமைத் தேட வேண்டாம். மறுபதிப்பானால் விலையை மட்டும் மாற்றிவிட்டு அளவுகளை அப்படியே விட்டிருக்கவும் கூடும்.

அடுத்து அளவுகளை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் எடை என்பது ஒரு தோலா, அதாவது ஏறத்தாழ 11.66 கிராம், மூன்று தோலா ஒரு பலம், 35 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை, 1,400 கிராம். விராகனெடை என்றிருந்தால் பலத்தில் பத்தில் ஒரு பங்கு, 3.5 கிராம். முகத்தலளவையில் சென்னை ஆழாக்கு சுமார் 168 மில்லிலிட்டர். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. ஊருக்கு ஊர் படி வேறுபட்டதால், புத்தகம் எங்கே அச்சானது என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. உப்பென்றால் கல் உப்பு என்றே கொள்ளுங்கள். தூள் உப்பைக் கரண்டிக்குக் கரண்டி போட்டால் கரித்துவிடும்.

இனி ஆரஞ்சுத் தோல் குழம்பு. ஒரு பழத்தின் தோலில் உள்ள வெள்ளைப் பகுதியைக் கத்தியால் வழித்தெடுத்து, கசப்பைக் குறைத்தபின், பொடியாக நறுக்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, தோலைப் போட்டு, அதன் ஓரம் சுருண்டு மணம் மாறும்வரை நிதானமாக வதக்குங்கள். இந்த வதக்கலில் அவசரப்பட்டால் குழம்பு மருந்துபோலக் கசக்கும். பிறகு எலுமிச்சங்காயளவு, அதாவது 25 கிராம் புளியை இரண்டு ஆழாக்கு நீரில் கரைத்து ஊற்றி, ஒன்றரைத் தேக்கரண்டி சாம்பார்ப் பொடியும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள்.

'கொதித்ததும் இறக்கவும்' என்ற வரியை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அது கல்சட்டிக்கு எழுதப்பட்டது. இறக்கிய பிறகும் அதில் கொதி அடங்க நெடுநேரமாகும். எவர்சில்வர் பாத்திரமானால் புளியின் பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியும்வரை அடுப்பிலேயே வைத்திருந்து, கடைசியில் ஒரு சிறு துண்டு வெல்லம் சேருங்கள். அன்றைக்குச் சற்றுக் கசப்பாகப் பட்டால், மறுநாள் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு பாருங்கள்.