விருதுக்குப் போகுமுன் கட்டடத்தில் நேரும் தவறுகள்

பழைய கட்டடங்களை அவற்றின் இயல்பு கெடாமல் சீரமைத்தவர்களுக்கு, யுனெஸ்கோ நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான மரபுப் பாதுகாப்பு விருதுகளை வழங்கி வருகிறது. புதுச்சேரி வைசியாள் வீதி 2008இலும், திருவரங்கம் அரங்கநாதர் கோயில் 2017இலும், கும்பகோணத்தை அடுத்த துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயில் 2024இலும் இவ்விருதைப் பெற்றன. விண்ணப்பத்தை அழகாக எழுதினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிப் போவது கொத்தனார் வேலையைத் தொடங்கும் நாளில்தான்.

முதல் தவறு, உடைப்பதற்கு முன்பு எதையும் பதிவு செய்யாமல் விடுவது. சரிந்த கூரையையும் பெயர்ந்த காரையையும் படம் எடுக்கக் கூச்சப்படுகிறவர்கள், வேலை முடிந்த பிறகு வண்ணப் படங்களை மட்டும் அடுக்குகிறார்கள். எது பழையது, எது மாற்றப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது என்பதை நடுவர் அறிய வேண்டுமென்றால், ஒவ்வொரு சுவரையும் ஒரே இடத்தில் நின்று, வேலைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் எடுத்த படங்களும், அளவெடுத்து வரைந்த வரைபடங்களும் வேண்டும்.

இரண்டாவது தவறு சிமென்ட். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் மேற்பரப்பின் வழியே வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, அதில் கரைந்த உப்பு செங்கலுக்கும் பூச்சுக்கும் இடையே படிகமாகி, செங்கலைப் பொடியாக்கிவிடும். சில மழைக்காலங்கள் கழித்து அந்தச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தால், உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் வரும். சுண்ணாம்பை நீற்றி, பல நாள் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் புளிக்கவைத்த நீரைச் சேர்த்து அரைத்துப் பூசுவது நேரம் பிடிக்கும் வேலை என்பது உண்மைதான். ஆனால் பழைய சுவருக்கு அதுவே பொருந்தும்.

புத்தம்புதிதாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் இதே அளவு கெடுதல் செய்கிறது. கருங்கல் தூணில் மணலைப் பீய்ச்சி அடித்தால் அழுக்கோடு உளியின் தடமும் போய்விடும். திருவரங்கத்தில் பாராட்டப்பட்ட பணிகளில், பிற்காலத்தில் முளைத்த கட்டுமானங்களை அகற்றியதும், மழைநீர் வடியும் பழைய வழிகளை மீட்டதும் அடங்கும். சேர்த்ததைவிட நீக்கியது முக்கியமாக இருந்த ஒரு பணி அது.

வீதியை மறந்து வீட்டை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. வைசியாள் வீதியில் ஒரு மாளிகை தனியாகப் பரிசு பெறவில்லை. மரத்தூண் தாங்கும் தாழ்வாரமும் திண்ணையுமாக வரிசையாக நிற்கும் வீட்டு முகப்புகள் சேர்ந்தே பெற்றன. இந்திய மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக், நகராட்சி, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டம் ஆகியவற்றோடு வீட்டுக்காரர்களும் சேர்ந்ததால்தான் அது நடந்தது. திண்ணையை அடைத்துக் கடையாக்கிய ஒரே ஒரு வீடு அத்தகைய வரிசையின் ஒழுங்கைக் குலைத்துவிடும்.

கட்டடம் ஐம்பது ஆண்டு பழமையானதா, பணி கடந்த பத்து ஆண்டுகளுக்குள் முடிந்ததா, முடிந்தபின் ஓராண்டாவது புழக்கத்தில் இருந்ததா என்ற விதிகளைப் படிக்காமலேயே அனுப்புவோரும் இருக்கிறார்கள். திறப்பு விழா முடிந்த கையோடு விண்ணப்பிப்பது வீண் வேலை.

மரபுச் சூழலில் எழும் புதிய கட்டடங்களுக்கும் இவ்விருதில் தனிப் பிரிவு உண்டு. அதற்காகப் பழைய வீட்டின் பின்கட்டில் கான்கிரீட் தூண் எழுப்பி, அதற்குத் தேக்கு நிறம் தீட்டிச் செட்டிநாட்டு வீடு போலக் காட்டத் தேவையில்லை. பழைய கூரையின் உயரத்துக்கும் முற்றத்து வெளிச்சத்துக்கும் இடையூறு செய்யாமல், தன்னை இக்காலத்துக் கட்டடமாகவே காட்டிக்கொள்ளும் ஓர் எளிய அறையே அந்தப் பிரிவுக்குப் பொருத்தமானது.